சிங்கப்பூர் - நியூயார்க்: 18 மணி நேரப் பயணம், கடிகாரத்தில் மட்டும் ஏன் ஏழு மணி நேரம்கூட இல்லை?

சாங்கியிலிருந்து நள்ளிரவு 12 மணிக்குக் கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நியூயார்க்கில் இறங்கும்போது அங்கே அதே நாள் காலை மணி 6.45. "அட, ஏழு மணி நேரம்கூட ஆகலையே!" என்று தோணும்.

உண்மையில் நீங்கள் விமானத்தில் இருந்தது 18 மணி நேரம் 45 நிமிடம்.

டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர் நேரம். நியூயார்க் நம்மைவிடக் கோடையில் 12 மணி நேரம் பின்னால் இருக்கும். நவம்பரிலிருந்து மார்ச் வரை 13 மணி நேரம். கடிகாரத்தை மாற்றுவது அவர்கள்தான், நாம் இல்லை.

திரும்பி வரும்போதுதான் சிக்கல். கோடையில் நியூயார்க்கில் வெள்ளி இரவு 10 மணிக்கு ஏறினால், சாங்கியில் இறங்குவது ஞாயிறு விடிகாலை. சனிக்கிழமை அப்படியே காணாமல் போயிடும்! "சனிக்கிழமை கல்யாணத்துக்கு வந்துடுறேன்" என்று நண்பரிடம் வாக்குக் கொடுக்கும் முன், நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக +2 என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, தூரம் எவ்வளவு?

நேர்த்தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர். சிங்கப்பூர் - சென்னையைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல்.

தட்டையான வரைபடத்தில் பசிபிக்கைக் குறுக்கே கடப்பதுதான் நேர்வழிபோலத் தெரியும். ஆனால் ஓர் உலக உருண்டையில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் கிட்டத்தட்ட வடதுருவத்தை ஒட்டியே போகும். உருண்டையில் இரண்டு ஊரும் ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கத்தில் இருப்பதுதான் காரணம்.

ஆனாலும் நியூயார்க் போகும் விமானம் பல நாள்கள் பசிபிக் வழியாகவே பறக்கிறது. தூரம் 1,000 கிலோமீட்டருக்கு மேல் கூடினாலும் பரவாயில்லையாம். ஏன்? மிக உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக ஓடும் காற்று இருக்கிறது. அது மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. அதில் ஏறிக்கொண்டால் நேரமும் எரிபொருளும் மிச்சம். காற்று தினமும் மாறுவதால் பாதையும் மாறும். நேற்று போன வழியில் இன்று போகணும் என்று கட்டாயம் இல்லை.

இவ்வளவு தூரம் பறக்க, சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஏ350-900 யுஎல்ஆர் விமானம் 1,65,000 லிட்டர் வரை எரிபொருள் சுமக்க முடியும். அந்த எரிபொருளைத் தூக்கிச் செல்லவே பாதி எரிபொருள் போயிடுமோ என்று நீங்கள் கேட்கலாம். அவ்வளவு இல்லை, ஆனால் பாரம் கூடக் கூடச் செலவு ஏறும் என்பது நிஜம். அதனால்தான் அந்த விமானத்தில் 161 இருக்கைகள் மட்டுமே. பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதாரண எகானமி கிடையாது.

பட்ஜெட் கொஞ்சம் இடிக்குதா? அப்போ இடையில் நிற்கும் விமானம்தான். அதே நிறுவனம் ஃபிராங்ஃபர்ட் வழியாகவும் நியூயார்க்குக்குப் பறக்கிறது. அதில் எகானமி உண்டு. பயணம் சில மணி நேரம் நீளும், நடுவில் இறங்கி ஒரு காப்பி குடிக்கலாம்.