விசைப்படகின் விரைவும் நிலைப்பாடும்

ஒரே ஆற்றலுடைய இயந்திரம் பொருத்திய இரு படகுகள் ஒரே துறையிலிருந்து புறப்படுகின்றன. ஒன்று விரைந்து முன்னேறுகிறது, மற்றொன்று பின்தங்குகிறது. உடனே நாம் இயந்திரத்தின்மீது குறை காண்கிறோம். ஆயின் படகின் இயக்கம் இயந்திரம் ஒன்றையே சார்ந்ததன்று. உடலமைப்பு, சுழல்விசிறி, சுமை, செலுத்துவோரின் அறிவு ஆகிய நான்கும் இணைந்தே அதனை உறுதி செய்கின்றன. அவற்றை ஈண்டு முறையே காண்போம்.

நீரை விலக்கிச் செல்லும் படகுக்கு இயற்கையாகவே ஒரு வேக எல்லை உண்டு. நீர்மட்டத்தில் அதன் நீளத்தை அடிக்கணக்கில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் அவ்வெல்லை நாட் அளவில் ஏறத்தாழக் கிடைக்கும். 25 அடிப் படகுக்கு இது 6.7 நாட், அதாவது மணிக்குச் சுமார் 12 கிலோமீட்டர். இதனைக் கடக்க முயலும் படகு, தான் எழுப்பிய அலையின்மீதே ஏற வேண்டியதாகிறது. ஆகவே எரிபொருள் பெருகச் செலவாகுமேயன்றி வேகம் அதற்கேற்ப மிகுவதில்லை. அடிப்புறம் தட்டையான இலேசான படகோ போதிய விசை கிடைத்ததும் நீரின்மேல் எழுந்து வழுக்கிச் செல்லும். எனினும் அலை மிகுந்த கடலில் அது கடுமையாக அதிரும். கீழ்நோக்கிக் கூர்ந்த அடிப்புறமே அலையைப் பிளந்து செல்லும்.

இயந்திரத்தின் ஆற்றலை நீருக்கு வழங்குவது சுழல்விசிறி. ஒரு சுற்றில் அது கோட்பாட்டளவில் முன்னேறும் தொலைவு மிகுதியானால் இயந்திரம் திணறும்; குறைந்தால் வரம்பு மீறிச் சுழலும். விசிறி நீர்மட்டத்துக்கு மிக அருகில் இருப்பின் காற்றை உள்ளிழுக்கும்; அப்போது இரைச்சல் மிகும், உந்துவிசை குன்றும். அடிப்புறத்தில் ஒட்டி வளரும் சிப்பியும் பாசியும் வேகத்தைக் குறைப்பனவே.

சுமையின் அளவைப் போன்றே அது வைக்கப்படும் இடமும் இன்றியமையாதது. அணியம் என்னும் முன்புறத்தில் சுமை மிகுந்தால் படகு அலைக்குள் மூழ்க முனையும். பின்புறத்தில் மிகுந்தால் முன்புறம் உயர்ந்து செலுத்துவோரின் பார்வையை மறைக்கும். சுமை உயரத்தில் இருப்பின் ஈர்ப்பு மையம் மேலெழுந்து நிலைப்பாடு குலையும். படகுக்குள் தேங்கிய நீர் சாய்ந்த பக்கமே ஓடிச் சாய்வை மேலும் பெருக்கும்.

சுக்கான் என்பது அரபு மொழி தமிழுக்கு அளித்த சொல். சுக்கானைத் திருப்பும்போது முதலில் விலகுவது படகின் பின்புறமே. படகை இடப்புறம் திருப்பினால் பின்புறம் வலப்புறமாக வீசும். இதனை உணராத புதியவர்களே படகுத்துறையில் மோதுகின்றனர். படகுக்குத் தடைக்கருவி இல்லை. மேலும், அச்சத்தால் விசையை முற்றிலும் நிறுத்தினால் விசிறி தள்ளும் நீரோட்டம் நின்று, படகு திரும்பும் திறனையும் பெரிதும் இழக்கும்.

இவை ஏட்டறிவாக மட்டும் நின்றுவிடத் தக்கவை அல்ல. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். அவர்களுள் தமிழகத்தாரும் இருந்தனர். விலங்குகளைக் காணும் ஆவலில் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டது காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 உயிர்கள் பறிபோயின.

படகில் ஏறும் நாமும் அதன் சுமையில் ஒரு பகுதியே என்பதை மறத்தலாகாது. எங்கே அமர்கிறோம், எப்போது எழுகிறோம் என்பதும் படகின் நிலைப்பாட்டைத் தீர்மானிக்கிறது. குறித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் ஏறிய படகைக் கண்டால் கரையிலேயே நின்றுவிடுவோம். அடுத்த படகுக்குக் காத்திருக்கும் சிறு பொழுது இழப்பன்று. அதுவே நமக்கும் பிறர்க்கும் காப்பாகும்.