ஆம்ப் செத்துப் போச்சா? ஈஎம்ஐ போடுறதுக்கு முன்னாடி 10 ரூபாய் ஃப்யூஸைப் பாருங்க!



போன ஆடி மாசம். கிருத்திகைக்கு இன்னும் எட்டு நாள். திருத்தணியிலிருந்து என் சித்தி பையன் போன் பண்ணான்.

"அக்கா, பேஸ் ஆம்ப் போச்சு. லைட்டே எரியல. புதுசு 36,000. நோ காஸ்ட் ஈஎம்ஐ இருக்கு, மாசம் 3,000 தான். போட்டுடவா?"

ஆளைப் பத்திச் சொல்லிடறேன். தினமும் கம்பெனி பஸ் பிடிச்சு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்குப் போறவன். கைக்கு 24,000 வருது. ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறான். மாசம் ரெண்டு மேடை, மேடைக்கு 1,500. ஆடிக் கிருத்திகைன்னா திருத்தணி மலை முழுக்கக் காவடிதான். ஆந்திராப் பக்கமிருந்தும் கூட்டம் வரும், சுத்துப்பட்டு ஊர்கள்லயும் கச்சேரி நடக்கும். அந்த ஒரு வாரத்தில் மட்டும் அவனுக்கு 3 மேடை. ஆம்ப் இல்லன்னா குழுவில் வேற ஆளைக் கூப்பிடுவாங்க.

"எமர்ஜென்சி ஃபண்ட் என்னாச்சுடா?"

"அம்மா கண் ஆபரேஷனுக்குப் போயிடுச்சு அக்கா."

அதுல தப்பே இல்ல, அதுக்குத்தான் அந்த ஃபண்ட். ஆனா இப்போ கையில ஒண்ணும் இல்ல.

முதல்ல அந்த 'நோ காஸ்ட்' கணக்கு

36,000 ரூபாய், 12 மாசம். பேங்க் வட்டி ஆண்டுக்கு 15%ன்னு வச்சுக்கோங்க. வட்டி சுமார் 2,760. இதைக் கடைக்காரங்க தள்ளுபடியாக் கழிச்சுடுவாங்க. ஆனா அந்த வட்டி மேல வர்ற 18% ஜிஎஸ்டி நம்ம தலையில: சுமார் 500 ரூபாய். பிராசஸிங் ஃபீ 199ன்னா ஜிஎஸ்டியோட சேர்த்து 235. ஆக, 'நோ காஸ்ட்'டோட காஸ்ட் 730 ரூபாய் கிட்ட.

அதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. மேடையில் வர்றது மாசம் 3,000. ஈஎம்ஐயும் 3,000. ஒரு வருஷம் அவன் வாசிக்கிற ஒவ்வொரு பாட்டும் கார்டு கம்பெனிக்குத்தான்.

அதனால நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு: "ஆம்ப்ல என்ன போச்சுன்னு தெரியுமா?" தெரியாதுன்னான். வியாதி என்னன்னே தெரியாம ஆபரேஷனுக்குப் பணம் கட்டுவோமா? எனக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியாது. ஆனா ஆடிட்ல ஒரு பழக்கம் உண்டு. கணக்கு இடிச்சா, செலவில்லாமப் பார்க்கக்கூடிய இடத்தை முதல்ல பார்ப்போம். இங்கயும் அதே வரிசைதான்.

ஸ்டெப் 1: பிளக் பாயிண்ட், கேபிள் (செலவு: 0)

அதே பாயிண்ட்ல போன் சார்ஜரைப் போட்டுப் பாருங்க. பல ஆம்ப்களுக்கு வர்ற பவர் கேபிள், டெஸ்க்டாப் கம்ப்யூட்டருக்கு வர்ற அதே கேபிள்தான். மாத்திப் பாருங்க. அவன் மாத்தினான். லைட் எரியல.

ஸ்டெப் 2: லைட் எரியுதா, இல்லையா?

லைட் எரிஞ்சும் சத்தம் வரலன்னா அது வேற கதை. ஹெட்போன் மாட்டிப் பாருங்க. ஹெட்போன்ல கேட்டு ஸ்பீக்கர்ல கேக்கலன்னா, ஹெட்போன் ஜாக்ல அழுக்கா இருக்கலாம், ஸ்பீக்கர் வயர் கழன்றிருக்கலாம். பின்னாடி 'சென்ட்', 'ரிட்டர்ன்'னு ரெண்டு துளை இருந்தா, ஒரு சின்ன கிட்டார் கேபிளால ரெண்டையும் இணைச்சுப் பாருங்க. சத்தம் வந்துட்டா, அந்த ஜாக்கைச் சுத்தம் பண்ணினாலே போதும்.

லைட்டே எரியலன்னா அடுத்த ஸ்டெப்.

ஸ்டெப் 3: ஃப்யூஸ் (செலவு: 10 ரூபாய்)

முதல்ல கேபிளை ஆம்ப்லேர்ந்து உருவிடுங்க. நிறைய மாடல்கள்ல கேபிள் சொருகுற இடத்துலயே ஒரு குட்டி டிராயர் இருக்கும். அதுல கண்ணாடி ஃப்யூஸ். உள்ளே கம்பி மட்டும் அறுந்திருந்தா வயசாகிப் போயிருக்கலாம். கண்ணாடியே கருகியிருந்தா உள்ளே ஷார்ட் இருக்க வாய்ப்பு அதிகம். புதுசு போட்டா அதே ரேட்டிங், அதே வகை. 'டி'ன்னு எழுத்து இருந்தா அது மெதுவா அறுகிற ஃப்யூஸ். ஒரே ஒரு தடவை போட்டுப் பாருங்க. அதுவும் போச்சுன்னா நிறுத்திடுங்க.

இவன் போட்டான். 'டப்'புன்னு போச்சு. குழுவில் ஒருத்தர், "கம்பி சுத்திப் போடு தம்பி, மேடை முடியட்டும்"னாராம். நல்லவேளை, என்னைக் கேட்டான். ஃப்யூஸ் போறது கோளாறு இல்ல, கோளாறு இருக்குன்னு அது சொல்லுது. அதுக்குப் பதிலா கம்பி போட்டா போர்டு எரியும், தீயே பிடிக்கலாம். கார்டு லிமிட் முட்டினதும் லிமிட்டை ஏத்திக் கேக்கறதும் இதே வேலைதான்.

இதுக்கு மேல நீங்களா திறக்காதீங்க. பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே இருக்கிற பெரிய கெப்பாசிட்டர்கள்ல கரண்ட் தேங்கி நிக்கும்.

ஸ்டெப் 4: மெக்கானிக்

ஞாயித்துக்கிழமை நானே சென்னையிலிருந்து ரயிலேறிப் போனேன். பஜார்ப் பக்கம் ஒரு சின்ன ரேடியோ ரிப்பேர் கடை. தமிழும் தெலுங்கும் கலந்து பேசுற அண்ணன். திறக்கிறதுக்கு முன்னாடி அவர் கேட்ட முதல் கேள்வி: "கடைசியா எங்க வாசிச்ச?"

ஒரு கல்யாண மண்டபம். ஜெனரேட்டருக்கு மாத்தினப்போ லைட்டெல்லாம் திடீர்னு பளிச்சுன்னு எரிஞ்சுதாம். "அப்போ நியூட்ரல் லூஸ்"னார். மூணு ஃபேஸ் சப்ளையில் நியூட்ரல் விட்டுப்போனா, 230 வோல்ட் வரவேண்டிய பிளக்ல 400 வரைக்கும்கூட ஏறலாம்.

ஆம்பை நேரா கரண்ட்ல போடாம, ஒரு 100 வாட் குண்டு பல்பை சீரிஸ்ல வச்சுப் போட்டார். பல்பு முழுசா எரிஞ்சா உள்ளே ஷார்ட். எரிஞ்சுது. ஃப்யூஸுக்குப் பக்கத்துல '431'னு எழுதின நீல நிற வட்டு ஒண்ணு வெடிச்சுக் கருகியிருந்தது. அதுக்குப் பேர் வேரிஸ்டர். வோல்டேஜ் எல்லை மீறினா அது கரண்டைத் தன் வழியா விட்டு, தானே ஷார்ட் ஆகி, ஃப்யூஸை அறுத்துடும். அதைக் கழட்டிட்டு மறுபடி போட்டார். பல்பு ஒரு நொடி பளிச்சுன்னு எரிஞ்சு மங்கிடுச்சு. ஆம்ப் லைட் எரிஞ்சுது!

"இதை எடுத்துட்டே ஓட்டலாமா?"ன்னு தம்பி கேட்டான். "ஓடும். அடுத்த தடவை டிரான்ஸ்ஃபார்மர் போகும்"னார். புது வேரிஸ்டர் போட்டார். 20 ரூபாய் வட்டு தன்னைக் குடுத்து 36,000 ரூபாய்ச் செலவைத் தடுத்திருக்கு. டெர்ம் இன்சூரன்ஸ், ஹெல்த் இன்சூரன்ஸ் பிரீமியம் 'வேஸ்ட்'னு சொல்றவங்க இதைக் கொஞ்சம் யோசிங்க.

மொத்த பில்: வேரிஸ்டர் 20, ஃப்யூஸ் 10, கூலி 400. ஆக 430 ரூபாய்.

ரிப்பேரா, புதுசா? என் மூணு கேள்வி

1. வாரண்டி இருக்கா? இருந்தா வெளியில் திறக்காதீங்க. மத்திய அரசு நுகர்வோர் விவகாரத் துறை 2022ல தொடங்கின 'ரைட் டு ரிப்பேர்' தளத்துல பல கம்பெனிகளோட சர்வீஸ் விவரம் கிடைக்கும். புகார்னா 1915க்குக் கூப்பிடுங்க.

2. என்ன போச்சு, எவ்வளவு ஆகும்னு ஒருத்தர் பார்த்துச் சொன்னாரா? சொல்லாம எந்த முடிவும் வேண்டாம்.

3. செலவு புது விலையில் பாதிக்குக் கீழயா? சரி பண்ணா இன்னும் 3 வருஷமாவது ஓடுமா? ரெண்டுக்கும் ஆமான்னா ரிப்பேர். டிரான்ஸ்ஃபார்மரும் அவுட்புட் பகுதியும் சேர்ந்து எரிஞ்சிருந்தா, நானே புதுசு வாங்கச் சொல்லியிருப்பேன்.

இப்போ அவன் செய்யறது

ஒவ்வொரு மேடைக்கும் 150 ரூபாய் தனி சேவிங்ஸ் அக்கவுண்ட்ல போடுறான். வருஷத்துக்கு 24 மேடைன்னா 3,600. இது ஆம்ப், ஸ்ட்ரிங், கேபிளுக்கு மட்டும். எமர்ஜென்சி ஃபண்டை இதோட கலக்கக் கூடாது, அதைத் தனியா மறுபடி நிரப்பிக்கிட்டு இருக்கான்.

ஒரு சிஏவா இன்னொண்ணும் சொல்லணும். மேடைக் காசும் வருமானம்தான், ரிட்டர்ன்ல காட்டணும். தொழில் வருமானமாக் காட்டினா ஐடிஆர்-1 போட முடியாது. அதனால ரிப்பேருக்கும் பில் வாங்கி வைங்க.

கிருத்திகை வாரம் 3 மேடையும் வாசிச்சான். அந்தக் காசுல முதல்ல வாங்கினது 350 ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர். இப்போ எந்த மண்டபத்துக்குப் போனாலும் பிளக்கை அளந்து பார்த்துட்டுத்தான் ஆம்பைச் சொருகுறான். 250க்கு மேல காட்டினா சொருக மாட்டேங்கிறான். குழுவில் கிண்டல் பண்றாங்களாம். ஆனா போன வாரம் கீபோர்டு வாசிக்கிறவர், "தம்பி, என் பாயிண்ட்டையும் பாரேன்"னாராம்.

உங்க வீட்லயும் மிக்ஸியோ லேப்டாப்போ 'செத்துப்போய்' மூலையில கிடந்தா, இந்த ஞாயித்துக்கிழமை ஒரு மெக்கானிக்கிட்ட காட்டிட்டு, அப்புறம் ஈஎம்ஐ பக்கம் போங்க. அடுத்த வீடியோவுல ஒரு நோ காஸ்ட் ஈஎம்ஐ ஸ்டேட்மெண்ட்டை வரி வரியாப் பிரிச்சுக் காட்டுறேன். சந்திப்போம்!