வாடகைப் பெட்டியும் பழைய உழவு இயந்திரமும்

பெரும்போக அறுவடை தொடங்கியதும் வயலிலிருந்து வீட்டுக்கும் ஆலைக்கும் நெல்லை ஏற்றிச் செல்லும் வேலையும் தொடங்குகின்றது. உழவு இயந்திரத்தைச் சொந்தமாக வைத்திருந்தும் பெட்டி இல்லாத கமக்காரர் அதனை அவ்வேளையில் வாடகைக்குப் பெறுகின்றனர். அப்போது அவர்கள் கேட்பது, “எனது இயந்திரம் இச்சுமையை இழுக்குமா?” என்பதாகும். கேட்க வேண்டியதோ, “இச்சுமையை அது நிறுத்துமா?” என்பதேயாகும்.

இழுக்கும் வலுவும் நிறுத்தும் வலுவும்

1960களிலும் 1970களிலும் உற்பத்தியான மசி பேர்கசன் 135 வகை உழவு இயந்திரங்கள் இன்றும் நமது வயல்களில் வேலை செய்கின்றன. அவ்வியந்திரத்தின் நிறை ஏறத்தாழ 1½ தொன். ஒரு மூடை நெல் 60 கிலோகிராம் எனக் கொண்டால், 50 மூடைகளின் நிறை 3 தொன்னாகும். பெட்டியின் நிறை இதற்குப் புறம்பானது. எனவே பின்னால் வருவது முன்னால் செல்வதைப் போல் இரு மடங்குக்கும் அதிகமான பாரமுடையது. மெதுவான கியரில் இயந்திரம் இதனை இழுத்துவிடும். ஆயின் அதன் பிறேக்கு பின் சில்லுகள் இரண்டில் மட்டுமே உள்ளது. பெட்டியிலும் பிறேக்கு இல்லையாயின், முழுப் பாரத்தையும் அவ்விரு சில்லுகளே தாங்கி நிறுத்துதல் வேண்டும். இயலாதபோது பெட்டி இயந்திரத்தைத் தள்ளிச் சென்று குறுக்காகத் திருப்பிவிடும்.

வேகம் இரு மடங்கானால், நிறுத்தும்போது பிறேக்கு அடக்க வேண்டிய விசையாற்றல் நான்கு மடங்காகும். ஆகவே சுமை கூடும்போது வேகத்தைக் குறைத்தல் இன்றியமையாதது. ஒரே நடையில் முடிக்கும் எண்ணத்தை விட்டு, இரு நடையாக ஏற்றிச் செல்வதே நன்று.

பெட்டியைப் பொறுப்பேற்குமுன்

வாடகைப் பெட்டி பலர் கையாண்டது. வெற்றுப் பெட்டியாக இருக்கும்போதே பின்வருவனவற்றைப் பார்த்தல் வேண்டும்.

1. ரயர்களின் பக்கங்களில் வெடிப்பு உண்டா? இரு பக்கமும் காற்று ஒத்திருக்கின்றதா?

2. சில்லு நட்டுகள் யாவும் உள்ளனவா? இறுக்கமாக உள்ளனவா?

3. சில்லை நிலத்திலிருந்து உயர்த்திக் கையால் அசைத்துப் பார்க்கும்போது ஆட்டம் உண்டா? ஆட்டம் இருந்தால் பெயரிங் தேய்ந்திருக்கலாம்.

4. முன்தண்டிலும் அதன் ஒட்டுகளிலும் வெடிப்பு உண்டா?

5. பின்புறத்தில் விளக்குகளும் சிவப்பு ஒளிதெறிப்பிகளும் உள்ளனவா?

பெட்டியின் பதிவும் காப்புறுதியும் நடைமுறையில் உள்ளனவா என்பதையும் உரிமையாளரிடம் கேட்டறிதல் வேண்டும்.

கொழுவும் முறை

துளைக்குப் பொருந்திய உருக்கு ஆணியையே உபயோகித்தல் வேண்டும். கைக்கு அகப்பட்ட கம்பித் துண்டையோ பழைய போல்ட்டையோ இடலாகாது. மேடு பள்ளத்தில் ஆணி மேலெழாதபடி அதற்குரிய சிறு பூட்டூசியையும் இடுதல் அவசியம். ஆணி முறிந்தாலும் பெட்டி தனியே ஓடாதவாறு சங்கிலி ஒன்றால் இயந்திரத்துடன் பிணைத்தல் மேலும் பாதுகாப்பானது.

பெட்டியை அதற்குரிய தாழ்ந்த கொழுவியில் மட்டுமே மாட்டுதல் வேண்டும். பின் அச்சுக்கு மேலான இடத்தில் மாட்டினால், இழுக்கும்போது முன் சில்லுகள் எழுந்து இயந்திரம் பின்புறமாகக் குடைசாயும்.

சுமையை அடுக்குதல்

மாட்டுவண்டி ஓட்டியோர் இதனை நன்கறிவர். பின்பாரமான வண்டியில் நுகம் மேலெழுந்து மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரமான வண்டியில் நுகம் கழுத்தை அழுத்தும். இரு சில்லுப் பெட்டியும் அத்தகையதே. பின்பாரமானால் இயந்திரத்தின் பின் சில்லுகள் உயர்த்தப்பட்டுப் பிடிப்பை இழக்கும். மிகுந்த முன்பாரமானால் முன் சில்லுகள் இலேசாகித் திருப்பும் வசத்தை இழக்கும். ஆகவே மூடைகளை அச்சின் மீது சமமாக அடுக்கி, சிறிதளவு பாரம் மட்டும் முன்னே இருக்கச் செய்தல் வேண்டும். உயர அடுக்குதலைத் தவிர்த்துக் கயிற்றால் இறுகக் கட்டுதல் வேண்டும். இறக்கும்போது பின்புற மூடைகளை முதலில் இறக்கினால் பெட்டி பின்னே சாயாது.

வீதியில்

வயலில் திரும்புவதற்கு உதவும் இரு பிறேக்கு மிதிகளையும், வீதிக்கு ஏறுமுன் ஒன்றாகப் பூட்டுதல் வேண்டும். ஒரு மிதி மட்டும் அழுத்தப்பட்டால் இயந்திரம் ஒரு பக்கம் சடுதியாகத் திரும்பிப் புரளும்.

குளக்கட்டிலிருந்தோ பாலத்திலிருந்தோ இறங்குமுன், மேலேயே தாழ்ந்த கியரை இடுதல் வேண்டும். இறக்கத்தில் கிளச்சை மிதித்தலும் கியரை விடுவித்து ஓடவிடுதலும் பெரும் ஆபத்து. திருப்பங்களில் பெட்டி உட்பக்கமாக வெட்டிச் செல்லுமாதலால், அகலமாகத் திருப்புதல் வேண்டும். சில கிலோமீற்றர் சென்றதும் நிறுத்தி, சில்லின் குடத்தருகே கையை வைத்துப் பார்த்தல் நன்று. மிகுந்த சூடு இருந்தால் மேலே செல்லலாகாது.

இருட்டுமுன் வீடு சேரத்தக்கவாறு புறப்படுதல் சிறந்தது. பின்விளக்கு இல்லாத பெட்டி, பின்னால் விரைந்து வரும் வாகனத்துக்கு இரவில் தெரியாது.

பெட்டியில் ஆட்கள் வேண்டாம்

வேலை முடிந்து களைத்தவர்களும் சிறுவர்களும் மூடைகளின் மேலும், முன்தண்டிலும், மட்காட்டிலும் ஏறிச் செல்வது நெடுநாள் வழக்கம். ஒரு குழியில் ஏற்படும் குலுக்கமே அவர்களைச் சில்லுக்கு முன் வீழ்த்தப் போதுமானது. அவர்களை வேறு வாகனத்தில் அனுப்புதல் வேண்டும். இல்லையேல் நடந்து வரச் செய்தல் மேல்.

இரண்டாம் நடைக்குச் செலவாகும் எரிபொருள் சிறிது; வாடகையும் சிறிது கூடலாம். ஆயின், நான்கு மாத உழைப்பின் பயனும் அதனை உழைத்தவரும் ஒருங்கே பத்திரமாக வீடு சேர்வதே அறுவடையின் நிறைவாகும்.