அரிதாரம் பூசுமுன்

மாறுவேடப் போட்டி என்றதும் ஔவையாராகவும் ஜான்சி ராணியாகவும் மாற நாம் துடிக்கிறோம். இதற்கான ஒப்பனையை 'அரிதாரம் பூசுதல்' என்கிறோம். அரிதாரம் என்பது உண்மையில் ஒரு மஞ்சள் நிறக் கனிமம். ஆர்சனிக் என்னும் நஞ்சும் கந்தகமும் சேர்ந்தது அது. அக்காலக் கூத்துக் கலைஞர்கள் அதையே அரைத்து முகத்தில் பூசினார்கள். ஜப்பானில் ஈயம் கலந்த வெள்ளை பூசிய கபுகி நடிகர் பலர் நரம்பு நோயுற்றனர். ஆகவே, பூசும் பொருளை அறிந்து பூசுவதே ஒப்பனையின் முதற்பாடம்.

ஓவிய வகுப்பின் போஸ்டர் கலர் காகிதத்துக்கே உரியது, முகத்துக்கு வேண்டாம். முகத்துக்கென்று விற்கும் வண்ணத்தையும் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி 24 மணி நேரம் பொறுத்துப் பார்ப்போம். சிவந்தாலோ அரித்தாலோ விலக்கிவிடுவோம்.

ஔவையாரின் நெற்றிச் சுருக்கங்களை எங்கே வரைவது? புருவத்தை உயர்த்தினால் நம் நெற்றியிலேயே கோடுகள் விழும்; அவற்றின் மேல் பழுப்பு நிறப் பென்சிலால் தீட்டி, பவுடர் ஒற்றினால் வியர்வையில் எளிதில் கலையாது. ஒருத்தியின் கண் மையை மற்றவள் தீட்டினால் கண்நோய் தொற்றக்கூடும். தோழமைக்காகவும் அதைப் பகிர வேண்டாம்.

நிகழ்ச்சி முடிந்ததும் தேங்காய் எண்ணெய் தடவி மெல்லத் துடைத்து, பின் சோப்பிட்டுக் கழுவுவோம். வேடம் பத்து நிமிடம். முகமோ வாழ்நாள் முழுவதும் நம்முடையது அல்லவா, தோழியரே!