ஷாஃப்ட் அளவை பில்லில் எழுதி வாங்குங்கள்

எங்கள் தெருக்காரர் ஒருவர் பழைய பிக்கப் வைத்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றுகிறார். கியர்பாக்ஸ் போய்விட்டதால் வேறு மாடலின் ஐந்து கியர் பாக்ஸைப் பழைய ஸ்பேர் கடையில் பிடித்து மாட்டினார். அது பழையதைவிட நீளம். ஷாஃப்ட் இடித்தது. “ரெண்டு இஞ்ச் வெட்டிட்டா சரியாப் போயிடும்ணே” என்று லேத்துப் பட்டறையில் வெட்டி, வெல்டு வைத்து, கறுப்புப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். வெறும் வண்டியில் ஒன்றும் தெரியவில்லை. லோடு ஏற்றி அறுபதைத் தாண்டினால் சீட்டுக்கு அடியில் உறுமல். மூன்றாவது வாரம் ஷாஃப்ட்டை இணைக்கும் மூட்டான கிராஸ் உடைந்து, ஷாஃப்ட்டின் முன்முனை ரோட்டைக் கீறிக்கொண்டே போனது. நல்லவேளை, வேகம் குறைவு. பட்டறையில் போய்க் கேட்டதற்கு, “நீங்க சொன்ன அளவுதானே வெட்டினோம்?” என்று பதில் வந்தது. அவர் கையில் இருந்ததோ ஒரு துண்டுச் சீட்டு: ‘ஷாஃப்ட் வேலை - 2,800’. என்ன அளவு, என்ன வேலை, எதுவும் அதில் இல்லை.

கியர்பாக்ஸுக்கும் பின் அச்சு ஹவுசிங்குக்கும் நடுவில் சுழலும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைப் பலரும் வெறும் குழாய் என்றே நினைக்கிறார்கள். வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போது கமான் பட்டை ஆட, ஹவுசிங் மேலும் கீழும் முன்னும் பின்னும் போகும். அதற்கேற்ப ஷாஃப்ட் நீண்டு சுருங்கத்தான் சிலிப் யோக் இருக்கிறது. ஷாஃப்ட் நீளமாகிவிட்டால் யோக் உள்ளே போக இடமின்றி, கியர்பாக்ஸ் பேரிங்கையும் பின்பக்க மூடியையும் இடித்தே உடைக்கும். குட்டையாகிவிட்டால் பிடிமானம் குறைந்து யோக்கின் பற்கள் தேயும், ஒருநாள் கழன்றே விழும்.

அளக்கும் விதத்தில்தான் பெரும்பாலான தப்பு நடக்கிறது. ஜாக்கி போட்டு சேசிஸைத் தூக்கி, ஹவுசிங் தொங்கும் நிலையில் டேப் பிடித்தால் வரும் அளவு, ரோட்டில் நிற்கும் வண்டியின் அளவு அல்ல. நான்கு சக்கரமும் தரையில் ஊன்றி நிற்க வேண்டும். சிலிப் யோக்கைக் கடைசிவரை உள்ளே தள்ளி, அங்கிருந்து சுமார் ஒரு இஞ்ச் வெளியே இழுத்து வைத்து, கிராஸின் மையத்திலிருந்து மறு கிராஸின் மையம்வரை அளக்க வேண்டும். டேப்பின் நுனி தேய்ந்திருந்தால் அதுவே இரண்டு மில்லிமீட்டரைத் தின்றுவிடும்.

நீளம் சரியாக இருந்தாலும் இன்னொரு கண்ணி உண்டு. ஷாஃப்ட்டின் இரு முனை யோக்குகளும் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். கிராஸ் வளைந்து சுழலும்போது ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். முன் கிராஸ் தரும் குலுக்கலைப் பின் கிராஸ் சரிக்கட்டுவதற்காகத்தான் இந்த ஒழுங்கு. வெல்டு வைக்கும்போது யோக் திரும்பிவிட்டால் குலுக்கல் சரிக்கட்டப்படாமல் கூடிவிடும். கழற்றும் முன் ஷாஃப்ட்டிலும் ஃபிளாஞ்சிலும் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து வைத்தால் திரும்பப் பழைய நிலையிலேயே மாட்டலாம். நம்மூரில் அதிக பாரத்துக்காக எக்ஸ்ட்ரா பட்டை வைப்பது வழக்கம். அப்போது ஹவுசிங்கின் சாய்வும் மாறுகிறது என்பதை யாரும் சொல்வதில்லை. வெல்டு முடிந்த ஷாஃப்ட்டைப் பேலன்ஸ் போடாமல் மாட்டக் கூடாது.

நிற்கும் வண்டியில் ஆக்சிலேட்டரை மிதித்தால் வராத அதிர்வு ரோட்டில் குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வருகிறதா? ரிவர்ஸுக்கு மாற்றும்போது ‘டங்’ என்று அடிக்கிறதா? கிராஸ் மூடியோரம் சிவப்புத் துருத்தூள் படிந்திருக்கிறதா? இப்படிப்பட்ட வண்டியில் லோடு ஏற்றாதீர்கள். ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் சக்கரத்துக்குக் கல் போடுங்கள். கியரில் போட்டிருக்கிறோம் என்ற தைரியம் உதவாது. இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் இருந்த தொடர்பே அறுந்துவிட்டது. சில பழைய வண்டிகளில் ஹேண்ட் பிரேக்கே கியர்பாக்ஸின் பின்முனையில்தான் இருக்கும். அதுவும் போச்சு.

தப்பு நடந்துவிட்டால் என்ன செய்யலாம்? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பட்டறை வேலைக்கும் பொருந்தும். “வியாபாரத்துக்கு ஓட்டுற வண்டி, கோர்ட்டுக்குப் போக முடியாது” என்று பயமுறுத்துவார்கள். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கமாகச் சட்டம் பார்ப்பதில்லை. ஒரே பிக்கப்பைத் தானே ஓட்டுபவருக்கு இது பலமான வாதம். பத்து வண்டி விட்டு ஆள் வைத்து ஓட்டுபவருக்கு அப்படியல்ல. பில் தராமலிருப்பதே நியாயமற்ற வணிக நடவடிக்கைதான். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே; பில்லில் கெடு குறிப்பிடாவிட்டால் 30 நாள் கணக்கு.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யலாம். சமரசம் ஆகாவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். உடைந்த கிராஸையும் ஷாஃப்ட்டையும் இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு வந்து நிற்காதீர்கள். பரிசோதனைக்கு அனுப்ப அதுதான் சாட்சி. பட்டறைக்காரர் “பழசை நானே வச்சுக்கிறேன்” என்றால் கண்டிப்பாகக் கொடுக்காதீர்கள்.

இன்சூரன்ஸை நம்பவும் வேண்டாம். தேய்மானமும் இயந்திரக் கோளாறும் வழக்கமான பாலிசியில் வராது. கியர்பாக்ஸோடு இன்ஜினையும் மாற்றினால் ஆர்.டி.ஓ. ஒப்புதலும் ஆர்.சி. திருத்தமும் தேவை. எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) வருடா வருடம் என்பதால் இதை அதிக நாள் மறைக்கவும் முடியாது.

எங்கள் தெருக்காரர் வேறு பட்டறைக்குப் போனார். இந்தத் தடவை வேலை தொடங்கும் முன்பே, மையத்திலிருந்து மையம் எத்தனை மில்லிமீட்டர், வண்டி எந்த நிலையில் நின்றபோது அளந்தது, பேலன்ஸ் போட்டதா என்று பில்லில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். “என்னண்ணே, நம்பிக்கை இல்லையா?” என்று பட்டறைக்காரர் முறைத்தார். எழுதப் பேனாவை எடுத்தவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, டேப்போடு மறுபடி வண்டிக்கு அடியில் புகுந்தார். முதலில் 1,142 என்று சொன்னது, இப்போது 1,136 என்று வந்தது.