நீர்க்கட்டிச் சிறுநீரக நோய்களும் குடும்ப வரலாறும்: திண்டுக்கல் சமவெளியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

சிறுநீரகத்தில் தோன்றும் நீர்க்கட்டிகள் அனைத்தும் ஒரே நோயைக் குறிப்பன அல்ல. சில தனிமனிதரோடு முடிவன; சில தலைமுறைகளுக்குக் கடத்தப்படுவன. இவ்வேறுபாட்டை அறிய ஸ்கேன் பரிசோதனையோடு குடும்ப வரலாறும் இன்றியமையாதது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நீர்க்கட்டி, சிறுநீரகம், ஓங்கு மரபு, ஒடுங்கு மரபு, உறவுமுறைத் திருமணம், உறுப்புக்கொடை

முன்னுரை

தமிழில் ‘நீர்க்கட்டி’ என்னும் சொல் பரந்த பொருளில் வழங்குகிறது. சினைப்பையில் காணப்படுவதும், கல்லீரலில் காணப்படுவதும், சிறுநீரகத்தில் காணப்படுவதும் நீர்க்கட்டி என்றே சுட்டப்படுகின்றன. திண்டுக்கல் நகரிலோ வேடசந்தூர், நிலக்கோட்டை, நத்தம் முதலிய ஊர்களிலோ வயிற்றுவலிக்காகவும் கல்லடைப்பு ஐயத்தாலும் ஸ்கேன் செய்துகொள்ளும் ஒருவர், ‘சிறுநீரகத்தில் நீர்க்கட்டி’ என்னும் ஒற்றைத் தொடரோடு வீடு திரும்பக்கூடும். அத்தொடர் அஞ்சத் தேவையற்ற ஒன்றையும் குறிக்கலாம். பல தலைமுறைகளைத் தொடரும் நோயையும் குறிக்கலாம். எனவே வகைப்பாட்டை அறிவது முதற்கடமையாகிறது.

பொதுவாக மரபுவழி வாராதவை

ஐம்பது வயதைக் கடந்தோரிடம் ஓரிரு எளிய நீர்க்கட்டிகள் காணப்படுவது இயல்பு. இவை பெரும்பாலும் சிறுநீரகச் செயல்பாட்டைக் குறைப்பதில்லை. நெடுங்காலம் டயாலிசிஸ் செய்துகொள்வோரின் சுருங்கிய சிறுநீரகங்களிலும் நீர்க்கட்டிகள் உருவாகின்றன; அவை நோயின் விளைவேயன்றிக் காரணம் அல்ல. கருவிலேயே ஒரு சிறுநீரகம் முறையாக வளராமல் கட்டிகளின் தொகுதியாக மாறுவது மற்றொரு வகை. இக்குழந்தைகளின் மறு சிறுநீரகம் நலமாக இருப்பின் அதுவே போதுமானது. பழுதுற்ற சிறுநீரகம் காலப்போக்கில் சுருங்கிவிடுவதுண்டு.

ஓங்கு மரபு வகை

மரபுவழி வருவனவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது ஓங்கு மரபு வகையாகும். 16ஆம் குரோமோசோமில் உள்ள பிகேடி1, 4ஆம் குரோமோசோமில் உள்ள பிகேடி2 ஆகிய மரபணுக்களின் பிறழ்வே இதற்குப் பெரும்பான்மைக் காரணம். முன்னது 1994இலும் பின்னது 1996இலும் கண்டறியப்பட்டன. சிறுநீரக நுண்குழல்களின் உயிரணுக்களில் உள்ள குறுயிழைகள் வழியாக நிகழும் சமிக்ஞை இப்பிறழ்வால் குலைகிறது. அதனால் உயிரணுக்கள் பெருகி, நீர் சுரந்து, கட்டிகள் வளர்கின்றன.

பெற்றோருள் ஒருவருக்கு இந்நோய் இருப்பின் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. ஆண், பெண் வேறுபாடு இல்லை. முப்பது, நாற்பது வயதுவரை அறிகுறியின்றியே நோய் வளரக்கூடும். உயர் இரத்த அழுத்தம், விலாப்புற வலி, சிறுநீரில் இரத்தம், சிறுநீரகக் கற்கள் ஆகியன பின்னர் வெளிப்படும். நோயுற்றோரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அறுபது வயதளவில் சிறுநீரகம் செயலிழக்கிறது. குடும்பத்தில் இந்நோய் உள்ள, 15 முதல் 39 வயதுக்குட்பட்ட ஒருவரிடம் இரு சிறுநீரகங்களிலும் சேர்த்து மூன்று கட்டிகள் காணப்பட்டாலே நோய் உறுதியாகும். ஆகவே, கட்டிகளின் எண்ணிக்கைக்குப் பொருள் தருவது குடும்ப வரலாறே.

ஒடுங்கு மரபு வகை

குழந்தைகளைப் பெரிதும் தாக்குவது ஒடுங்கு மரபு வகை. 6ஆம் குரோமோசோமில் உள்ள பிகேஎச்டி1 மரபணுவின் பிறழ்வு இதற்குக் காரணம். ஏறத்தாழ 20,000 பிறப்புகளில் ஒன்றில் இது காணப்படுகிறது. பெரிதான சிறுநீரகங்களும் கல்லீரல் நார்த்திசுப் பெருக்கமும் இதன் இயல்புகள். நெஃப்ரானோப்தைசிஸ் என்னும் மற்றொரு ஒடுங்கு மரபு நோயில் சிறுநீரகம் பெரிதாவதில்லை. மிகுதியான தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், இரத்தசோகை, வளர்ச்சிக் குறைவு ஆகியவையே தொடக்க அறிகுறிகளாதலின் நோய் எளிதில் புலப்படுவதில்லை.

ஒடுங்கு மரபு நோய்களில் பெற்றோர் இருவரும் நோயின்றிப் பிறழ்வை மட்டும் தாங்கியிருப்பர். ஒவ்வொரு கருவிலும் நோய் வாய்ப்பு நான்கில் ஒன்று.

மணவுறவும் மரபும்

தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் உறவுமுறைத் திருமணம் ஏறத்தாழ 28 விழுக்காடு. நாட்டின் சராசரி 11 விழுக்காடு. தாய்மாமன் அக்காள் மகளை மணக்கும்போது, பிறக்கும் குழந்தையின் ஒரு மரபணுவின் இரு படிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவையாக இருக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று. அத்தை மகன், மாமன் மகள் மணத்தில் அது பதினாறில் ஒன்று. ஒடுங்கு மரபு நோய்களின் வாய்ப்பை இது உயர்த்துகிறது. ஓங்கு மரபு வகைக்கோ உறவுமுறைத் திருமணம் காரணம் அன்று. அந்நியத்தில் மணம் முடித்தாலும் வாய்ப்பு இரண்டில் ஒன்றாகவே நிற்கும். இரண்டையும் ஒன்றாகக் கருதுவதால் ஒரு குடும்பம் தேவையற்ற பழியையும் மற்றொரு குடும்பம் தவறான நம்பிக்கையையும் சுமக்க நேர்கிறது.

கொடையாளர் தேர்வு

1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் கணவன், மனைவி, பெற்றோர், மக்கள், உடன்பிறந்தோர் ஆகியோரை நெருங்கிய உறவினராக ஏற்றது. 2011ஆம் ஆண்டுத் திருத்தம் தாத்தா பாட்டியரையும் பேரன் பேத்தியரையும் சேர்த்தது. ஓங்கு மரபு வகையில் இவர்களுள் இரத்த உறவினரே நோயைத் தாங்கியிருக்கக்கூடியவர்கள். இருபத்தைந்து வயது மகன் தந்தைக்குச் சிறுநீரகம் அளிக்க முன்வரும்போது, அவருக்கு நோய் இல்லை என்பதை உறுதிசெய்யாமல் ஏற்பது இரு உயிர்களையும் இடருக்கு உள்ளாக்கும். ஸ்கேன் தெளிவு தராத இளவயதில் மரபணுப் பரிசோதனை தேவைப்படலாம்.

முடிவுரை

நோயை முற்றாக நீக்கும் மருந்து இல்லை. எனினும் இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துதலும், விரைந்து முற்றும் நிலையில் டோல்வாப்டான் மருந்தும் பயன் தருகின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தம் வீட்டிலேயே அளக்கப்படுகிறது. இளவயதினரிடம் உயர் அழுத்தம் காணப்படும்போது, குடும்பத்தில் எவரேனும் சிறுநீரக நோயாலோ டயாலிசிஸ் நிலையிலோ இருந்தனரா என்னும் ஒரு வினாவைச் சேர்ப்பதற்குச் செலவு இல்லை. பத்தில் ஒரு பங்கினருக்கு மேல் குடும்ப வரலாறு இன்றியும் ஓங்கு மரபு வகை தோன்றுவதால், ‘இல்லை’ என்னும் விடை மட்டும் முடிவாகாது. 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியும் மாவட்டத்தின் ஸ்கேன் மையங்களும் நீர்க்கட்டியின் வகையையும் மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடத்தையும் அறிக்கையில் பதியும் வழக்கத்தை மேற்கொண்டால், நோயாளியோடு அவர்தம் பிள்ளைகளும் உரிய காலத்தில் காக்கப்படுவர்.