நட்சத்திர விடுதியின் வாசற்படி

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவன்

வெயிலில் வந்தவர் திண்ணையில் அமர்ந்ததும், என்ன காரியமாக வந்தீர்கள் என்று கேட்குமுன்னே ஒரு சொம்புத் தண்ணீர் கொடுப்பது நம் கொங்கு நாட்டு வழக்கம். ஆப்பிரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள மொராக்கோவில் அந்தச் சொம்பின் இடத்தில் புதினாத் தேநீர் வருகிறது. அங்கே மராகேஷ் நகரில் 1923-இல் திறக்கப்பட்ட ‘லா மாமூனியா’ என்னும் பெருவிடுதி, வந்து இறங்குவோருக்குப் பேரீச்சம்பழமும் பாதாம் பாலும் தந்து வரவேற்கிறது. நடுவே முற்றமும் சுற்றிலும் அறைகளுமாக அமைந்த அந்நாட்டு ‘ரியாத்’ வீடுகள் பலவும் இன்று விடுதிகளாகிவிட்டன. நம் தொட்டிக்கட்டு வீட்டைப் பார்த்தவருக்கு அவை அந்நியமாகத் தோன்றா. ஆக, நட்சத்திர விடுதி நமக்கு விற்பது நாம் முன்னமே அறிந்த விருந்தோம்பலைத்தான்.

ஆயினும் அந்த வாசலில் நம்மில் பலருக்குக் கால் தயங்குகிறது. உள்ளே நடப்பது என்னவென்று தெரிந்தால் தயக்கம் பாதி குறையும் என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

விடுதிகளுக்கு நட்சத்திரம் வழங்குவது மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் குழு. ஒன்று முதல் ஐந்து வரையும், அதற்கு மேல் ‘ஐந்து நட்சத்திர டீலக்ஸ்’ என்றும் தரம் உண்டு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். வாசலில் கதவைத் திறப்பவர் ஒருவர். பெட்டியை வாங்கிச் சீட்டுக் கட்டி அறைக்கு அனுப்புபவர் மற்றொருவர். வரவேற்பு மேடையில் அடையாள அட்டையைக் காட்டிப் பதிவுத் தாளில் கையெழுத்திட வேண்டும். அறை வாடகை நாளொன்றுக்கு 7,500 ரூபாய்க்கு மேற்பட்டால் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. தனியாகச் சேரும். ஆதலால் ‘வரியோடு எவ்வளவு?’ என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. அதில் வெட்கத்திற்கு இடமில்லை.

பிறகு கையில் தரப்படுவது சாவியன்று, ஓர் அட்டை. இயற்பியல் மாணவனுக்கு இது விருந்து! 1970-களில் நார்வே நாட்டு டோர் சோர்னெஸ் உருவாக்கிய அட்டைச் சாவியில் துளையிட 32 இடங்கள் இருந்தன. ஒவ்வோரிடத்திலும் துளை இருக்கலாம் அல்லது இல்லாதிருக்கலாம். எனவே இரண்டை 32 முறை பெருக்கினால் சுமார் 429 கோடி வெவ்வேறு சாவிகள்! இன்றைய அட்டையில் துளையுமில்லை, மின்கலமுமில்லை. உள்ளே ஒரு கம்பிச் சுருளும் நுண்சில்லும் உள்ளன. பூட்டு எழுப்பும் மாறு காந்தப்புலத்தருகே அட்டை வந்ததும், 1831-இல் ஃபாரடே கண்ட விதிப்படி சுருளில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. அந்த ஆற்றலில் சில்லு விழித்துத் தன் குறியீட்டைச் சொல்கிறது. அறை எண்ணும் தங்கும் நாளும் பொருந்தினால் கதவு திறக்கும். தவணை முடிந்தால் திறக்காது. அதே அட்டையைச் சுவரிலுள்ள பெட்டியில் செருகினால்தான் அறையில் விளக்கு எரியும். வெளியேறும்போது எடுத்துவிடுவதால் மின்சாரம் வீணாவதில்லை.

இனி, யார் உள்ளே வரலாம் என்னும் கேள்வி. நம் அரசியல் சட்டத்தின் 15(2)-ஆம் பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் காரணமாக எவரையும் கடைகளிலும் உணவகங்களிலும் விடுதிகளிலும் தடுக்கலாகாது என்கிறது. 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் அவ்வாறு தடுப்பதைத் தண்டனைக்குரியதாக்கியது. 1976-இல் அது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் பெற்றது. தேநீர்க் கடையிலேயே சிலருக்குத் தனிக்குவளை வைத்த மண் இது. அவ்வழக்கம் அடியோடு ஒழிந்தது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. பளிங்குத் தரையைக் கண்டு என் போன்றோர் தயங்குவதன் வேர் அங்கேதான் இருக்கிறது. காசில்லாமை ஒரு காரணம் மட்டுமே.

விடுமுறை நாட்களில் கோவை விடுதியொன்றில் திருமண விருந்துக்குப் பரிமாறப் போயிருக்கிறேன். பின்வாசல் வழியே நுழைந்து, சீருடை மாட்டி, இரவு பதினொன்று வரை நின்றிருக்கிறேன். முன்வாசலில் தெரியும் அந்தப் புன்னகைக்குப் பின்னே எத்தனை பேரின் கால்வலி இருக்கிறதென்பது அங்கே தெரிந்தது. முகம் சுளித்தால் விருந்தினர் வாடுவார் என்று வள்ளுவர் அனிச்ச மலரை உவமை காட்டினார். பரிமாறுபவனும் அவ்வாறே வாடுவான் என்பதை நான் சேர்த்துக்கொள்வேன். தட்டை நீட்டிய என்னிடம், “சாப்பிட்டியா தம்பி?” என்று ஒரு பெரியவர் கேட்டார். அன்று முழுவதும் வேறெவரும் கேட்காத கேள்வி அது.

தோழர்களே! நம்மில் சிலர் நாளை அவ்விடங்களுக்கு விருந்தினராகச் செல்வோம். சிலர் வரவேற்பு மேடைக்குப் பின்னே வேலைக்கு நிற்போம். செல்பவர் நிமிர்ந்து செல்லுங்கள்; சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. நிற்பவரோ, தயங்கித் தயங்கி வரும் வேட்டிக்காரரையும் காரில் வந்து இறங்குபவரையும் ஒரே குரலில் “வாங்க” என்று அழையுங்கள்.